வெள்ளிக் கிண்ணக்காரர்

எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடு. யார் வீட்டில் எத்தனை மணிக்குக் குக்கர் கூப்பிடுகிறது, யார் வீட்டுப் பால் பாக்கெட் ஒன்பது மணிவரை வாசலில் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அலைந்ததில்லை. என் சமையலறை ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் எங்கள் கார் ஷெட்டில் கலீமுல்லா ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். கார் வைத்திருந்த ஒரே ஆள் வேளச்சேரிப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால் ஷெட் காலியாக இருந்தது. நாலு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஊதுவத்தி ஸ்டாண்ட். மந்தைவெளியில் அப்போது அதுவே பெரிய விஷயம். நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் பெண் ஷ்ரேயாவுக்கு ஈ-மெயில் அனுப்பத்தான் நான் அங்கே போக ஆரம்பித்தேன். நான் ஒரு பக்கம் அடிப்பேன். அவள் பத்து நாள் கழித்து இரண்டு வரி அடிப்பாள். இரண்டாவது வரி எப்போதும் "பிஸி அம்மா" என்பதுதான்.

எதிர் வீட்டுக் கோமளத்தின் கதை வேறு. அவள் பையன் நிரஞ்சன் டெக்சாஸில் சிவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு விளையாட்டில் சேர்ந்திருந்தான். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். "நீங்கள் ஒரு காட்டில் நிற்கிறீர்கள். வடக்கே ஆறு" என்று வரும். நாம் "வடக்கே போ" என்று அடிக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நானூறு பேர் ஒரே சமயத்தில் அந்தக் காட்டில் திரிந்தார்கள். அதற்குள் ஒரு சந்தை. ஆளாளுக்குச் சம்பாதித்த சாமானை அங்கே கூவிக் கூவி மாற்றிக்கொள்வார்கள்: வாளுக்குத் தோல், தோலுக்கு லாந்தர்.

"போன் பண்ணினா கட்டுப்படியாகாதும்மா, சனிக்கிழமை கார்த்தால இங்க வந்துடு, நேர்ல பேசிக்கற மாதிரியே இருக்கும்" என்று நிரஞ்சன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி. இவளும் தன் சொந்தப் பெயரிலேயே உள்ளே போனாள்.

போனவள் சும்மா இருந்தாளா? தெருவில் வரும் பாத்திரக்காரனிடம் இரண்டு பழைய பேண்ட்டும் கரை கிழிந்த ஒரு புடவையும் கொடுத்து எவர்சில்வர் அடுக்கு வாங்குகிறவள் கோமளம். பாத்திரக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு போவதை நான் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். சந்தையிலும் அதே கைவரிசையைக் காட்டினாள். இரண்டு ஆட்டுத் தோலில் ஆரம்பித்தாள். ஒரு போர்வை, ஒரு கேடயம், ஒரு கோவேறு கழுதை என்று மாற்றி மாற்றி, நாலே மாதத்தில் யாரோ ஒரு நார்வேக்காரனிடமிருந்து நீல விளக்கை வாங்கிவிட்டாள். அந்த விளையாட்டு முழுக்க நீல விளக்கு ஏழுதான் உண்டாம். அதை வைத்திருப்பவர்தான் உள்ளே வீடு கட்டிக்கொள்ளலாம், வேண்டியவர்களைக் கூப்பிடலாம்.

கோமளம் வீடு கட்டினாள். வாசலில் கோலம், உள்ளே ஊஞ்சல், பித்தளை டவரா, எல்லாம் எழுத்தில். சனிக்கிழமைகளில் நிரஞ்சன் அந்த வீட்டுக்கு வருவான். கூடவே அவன் சிநேகிதர்கள், கனடாக்காரன், ஜப்பான்காரி எல்லாரும் வந்து "லேடி கோமளம்" என்று அடித்து வணங்குவார்கள். இவள் எல்லாருக்கும் காபி கொடுப்பதாக அடிப்பாள். அவர்கள் குடித்ததாக அடிப்பார்கள். பக்கத்து நாற்காலியில் ஷ்ரேயாவின் இரண்டு வரியைப் படித்து முடித்துவிட்டு, காசு கட்டின நேரம் இன்னும் அரை மணி பாக்கியிருக்க, நான் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"நீயும் சேர்ந்துக்கோயேன் ஸ்ரீலக்ஷ்மி, பொழுது போகும்" என்றாள் ஒருநாள். பொழுது போகாமல் நான் தவிக்கிறேனாம்.

சேர்ந்தேன். சும்மா ஸ்ரீ என்று பெயர் வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் சம்பாத்தியம் ஒரு மரக் கொப்பரை. அதையும் ஒருவன் ஓட்டை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நான் சந்தையில் நின்றுகொண்டிருந்தபோது, ஹால்டன் என்று ஒருவர் எதிரே வந்து, கேட்காமலே என் கையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்தார். எனக்கும் ஒருவர் ஒன்று கொடுக்கிறாரே என்று இருந்தது. அடுத்த வரி வந்தது: "கிண்ணம் உங்களுடையது, நண்பரே. உங்கள் பெயரில் பதிவு செய்ய, உங்கள் பாஸ்வேர்டை என் காதில் மட்டும் சொல்லுங்கள்."

பெரிய மனிதர், எடுத்த எடுப்பில் காரியம் பேச வேண்டாம் என்று, "சாப்பிட்டாச்சா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"கிண்ணம் உங்களுடையது, நண்பரே" என்று முழு வாக்கியமும் அப்படியே மறுபடி வந்தது.

எந்த ஊர் என்றேன். கிண்ணம் உங்களுடையது, நண்பரே. உடம்பு சரியில்லையா என்றேன். கிண்ணம் உங்களுடையது, நண்பரே. இன்னொரு தரம் சாப்பாட்டையே கேட்டுப் பார்த்தேன். மனுஷனாகப் பிறந்தவன் இரண்டு தரம் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பான், இல்லை என்பான், உனக்கென்ன என்றாவது கேட்பான்.

சென்டரைப் பெருக்க வரும் தேவானை பின்னால் துடைப்பத்தோடு நின்றாள். "இன்னா மாமி, அந்தாளாண்ட துன்னியா துன்னியான்னு அதியே கேட்டுக்கினு கீறே? இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டேங்கறார்டி."

கலீமுல்லா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அம்மா, இது ஆளே இல்ல. பாட்னு சொல்வாங்க. தானா பேசுற புரோகிராம். எவனோ எழுதி வுட்டுக்கிறான். பாஸ்வேர்டு புடுங்குற தூண்டில் இது. நீங்க குடுத்தீங்கன்னா அஞ்சு நிமிசத்துல உங்க பேர்ல அவன் உள்ள வந்து, பாஸ்வேர்ட மாத்தி, எல்லாத்தையும் சுருட்டிக்கினு பூடுவான்."

"என்கிட்ட கொப்பரைதானே இருக்கு."

"உங்களுக்கு இன்னா, கொப்பர. கோமளம்மாகிட்ட தான் அந்த வெளக்கு கீது. சனிக்கிழம வர்றதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க."

"சொல்லிடறேன்" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். மாடி ஏறும்போதுகூட அந்த நினைப்புதான்.

மறுநாள் சாயங்காலம் கோமளமே வந்தாள். கையில் என் தூக்கு. முந்தாநாள் நான் ரசவாங்கி கொடுத்தனுப்பியது. காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவது எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அவள் பாதாம் அல்வா போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ரசவாங்கிக்குப் பாதாம் அல்வா. அப்படித்தான் அவள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி" என்று ஆரம்பித்தாள். "மத்தியானம் சும்மா எட்டிப் பார்க்கலாம்னு போனேன். சந்தைல ஹால்டன்னு ஒருத்தர். தங்கமான மனுஷர். எனக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார். பதிலுக்கு நானும் தேன் ஜாடி கொடுத்தேன், வாங்கிக்கலை. பட்டுத்துணி கொடுத்தேன், வேண்டாம்னுட்டார். பாஸ்வேர்ட் மட்டும் போறுமாம். அந்தக் கலீமுல்லாவைக் கேக்கலாம்னா அவர் தொழுகைக்குப் போயிருந்தார்."

என் வாயில் வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது. அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு நிரஞ்சன் அவன் புரொபசரையே ஆத்துக்கு அழைச்சுண்டு வரானாம்" என்றாள். கார் ஷெட் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வீட்டைத்தான் ஆம் என்கிறாள். "எங்கம்மா ஆம்னு காட்டணுமாம் அவனுக்கு. ஆமா, ஷ்ரேயா எப்படி இருக்கா? லெட்டர் வந்துதா? பாவம், அவளுக்கு நேரமே ஒழியறதில்லை போலருக்கு. ஒவ்வொரு குழந்தை அப்படி."

'பாவம்' என்கிற சொல்லை அவள் சொன்னபோது என் தூக்கை என் மேஜையில் வைத்து, துடைத்தும் விட்டாள்.

"பாஸ்வேர்ட் விஷயம் எனக்கென்ன தெரியும் கோமளம்?" என்றேன். "நீதான் அங்கே பெரிய மனுஷி."

"இல்லை, கிண்ணத்தை வாங்கி வச்சுண்டு ஒண்ணும் கொடுக்காம எப்படி இருக்கறது? மனசு கேக்கலையே."

"அது உன் இஷ்டம்."

இவ்வளவுதான் பேசினேன். கொடு என்று நான் சொல்லவில்லை. அன்று ராத்திரி இதையே நாலு தரம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அல்வா நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். கோமளம் தலைக்குக் குளித்து, புதுசாகச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். புரொபசர் வருகிறார் அல்லவா. அவருக்கு இந்தப் புடவை தெரியப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தாள். தப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள்.

"நேத்து உங்காத்துலேர்ந்து நேரே இங்க வந்தப்போகூட நன்னா இருந்ததே. போறச்சே ஹால்டன் கிட்ட சொல்லிட்டு, கிண்ணத்தைப் பதிஞ்சுண்டு வந்தேனே." அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். "ஸ்ரீலக்ஷ்மி, உனக்கு உள்ளே போக முடியறதா பாரு."

எனக்குப் போக முடிந்தது. சந்தையில் நின்றேன். என் எதிரிலேயே கோமளம் நின்றுகொண்டிருந்தாள்.

"நீல விளக்கு விற்பனைக்கு" என்று கூவினாள் அந்தக் கோமளம். யாரோ ஒருவன் இரண்டே நிமிஷத்தில் வாங்கிக்கொண்டான். உடனே "கோமளத்தின் வீடு இடிந்து விழுந்தது" என்று எல்லோருக்கும் ஒரு வரி வந்தது. கோலம், ஊஞ்சல், டவரா எல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று.

பக்கத்து நாற்காலியில் நிஜக் கோமளம் என் திரையில் அதைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த வரியைப் படித்தபோது என் வயிற்றில் ஏதோ குளிர்ந்தது. ஒரு நிமிஷம்தான், ஆனால் நன்றாகவே குளிர்ந்தது.

அதன் பிறகுதான் நிரஞ்சன் வந்தான்.

வீட்டைத் தேடிப் பார்த்துவிட்டு நேரே சந்தைக்கு வந்து அந்தக் கோமளத்தின் எதிரில் நின்றான். "அம்மா? ஆம் எங்கே?" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தான்.

அது அவன் கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தது. "கிண்ணம் உங்களுடையது, நண்பரே. உங்கள் பெயரில் பதிவு செய்ய, உங்கள் பாஸ்வேர்டை என் காதில் மட்டும் சொல்லுங்கள்."

"என்னம்மா, புது விளையாட்டா? சரி இரு, சொல்றேன்" என்றான் நிரஞ்சன்.

கோமளம் என் தோளைப் பிடித்தாள். விரல் உள்ளே இறங்கியது. "ஐயையோ, சொல்லிடப் போறாண்டி! அவன் எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான் வச்சிருக்கான். காலேஜ் கணக்குக்கும் அதுதான். தீசிஸ் பூரா அதுக்குள்ள இருக்கு. அடுத்த மாசம் கொடுக்கணும் அவன். ஸ்ரீலக்ஷ்மி, ஏதாவது பண்ணு!"

விளக்கு வேறு, தீசிஸ் வேறு. அந்தப் பையனை நான் அரை டிராயரில் இருந்து பார்த்திருக்கிறேன். அடித்தேன். "நிரஞ்சன் சொல்லாதே. அது அம்மா இல்லை. நான் எதிராத்து ஸ்ரீலக்ஷ்மி மாமி."

அவன் அடித்தான்: "நீ யார்? இப்படிப் பேர் மாத்திண்டு ஏமாத்தறவா நிறைய பேர் சுத்தறதா இங்கே எச்சரிக்கை போட்டிருக்கு. அம்மா, இது யாரும்மா?"

கிண்ணம் உங்களுடையது, நண்பரே, என்றது அது.

பாருங்கள் நியாயத்தை. பதினாறு வருஷமாக எதிர் வீட்டில் இருக்கிற நான் பொய், பெயரைத் திருடினது அம்மா! சின்ன வயதில் கோலி விளையாடியது, மொட்டை போட்டது என்று நான் எதைச் சொன்னாலும் யாருக்கும் தெரிந்திருக்கலாம். யாருக்கும் தெரியாத ஒன்று வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. பொறுக்கிப் பொறுக்கி வைத்திருப்பதில் அது கொஞ்சம் நல்ல சரக்கு.

"தொண்ணூத்தஞ்சு" என்று அடித்தேன். "தி.நகர் ஹிந்தி கிளாஸ் போறேன்னுட்டு அடையாறு டெப்போ எதிர்ல கரும்பு ஜூஸ் குடிச்சிண்டிருந்தே. பக்கத்துல பச்சைத் தாவணி. அந்தப் பொண்ணு தும்மினா. உன் கர்ச்சீப்பைக் கொடுத்தே. திரும்ப வாங்கிக்கலை. நான் பஸ்ல இருந்து பார்த்தேன். இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலை."

ஊதுவத்திச் சாம்பல் விழுந்தது.

"மாமி" என்று வந்தது. "அம்மா உங்க பக்கத்துல உக்காந்திண்டிருக்காளா?"

"இருக்கா."

"படிச்சுட்டாளா?"

"படிச்சுண்டிருக்கா."

"செத்தேன்."

கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாருடி அந்தப் பச்சைத் தாவணி? நாயுடு பொண்ணா?" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. நிரஞ்சன் அந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பினான். அவர்கள் வந்து ஹால்டனையும் அந்தக் கோமளத்தையும் பூட்டினார்கள். நிஜக் கோமளத்துக்கு அவள் பெயரை ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். விளக்கு கைமாறிப் போனது போனதுதான், வாங்கினவன் மசியாத ஆசாமி. வீடு திரும்ப வராது.

"மாமி, நீங்க மட்டும் இல்லேன்னா என் தீசிஸ் போயிருக்கும்" என்று நிரஞ்சன் அடித்தான். "அது பாட்னு எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

"சாப்பிட்டாச்சான்னு கேட்டேன். பதில் வரலை."

அவன் வரி வரியாகச் சிரித்தான். "புரொபசர்கிட்ட இதைச் சொல்றேன். எப்போ கேட்டேள்?"

"இப்பதான்" என்று அடித்தேன்.

"இப்பதானாமே!" என்றது பின்னால் ஒரு குரல். தேவானை குப்பைக் கூடையோடு நின்றாள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்க எப்போது கற்றுக்கொண்டாளோ, கலீமுல்லா கற்றுக்கொடுத்திருக்கிறார். "இன்னா மாமி, வியாயக்கெயமையே அந்தாளாண்ட துன்னியா துன்னியான்னு கேட்டுக்கினு இருந்தியே. பாய்கூட அந்த மாமியாண்ட சொல்லுன்னாரே. நான் இங்கதானே கீறேன்."

கலீமுல்லா பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அதில் புரட்ட ஒன்றும் இருக்கவில்லை.

கோமளம் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், ஷ்ரேயாவைச் சொன்ன அந்தப் 'பாவ'த்தைப் பற்றியும் கேட்டிருப்பேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நகர்ந்துக்கோ" என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரிலேயே பையனுக்கு அடித்தாள்: "நான் அம்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா" என்று உடனே பதில் வந்தது.

நான் வியாழக்கிழமையே தெரிந்துவைத்திருந்ததை அவள் அவனுக்கு அடிப்பாள் என்று எழுந்து நின்றபடி காத்திருந்தேன். அடிக்கவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நிரஞ்சனைப் பொறுத்தவரை நான் தீசிஸைக் காப்பாற்றிய மாமி. தீபாவளிக்கு எனக்குத் தனியாக ஒரு மெயில்கூடப் போட்டான், ஷ்ரேயா போட்டதைவிட நீளமாக.

இதில் கோமளத்துக்கு நஷ்டம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். விளக்கு போயிற்று, எழுத்தில் கட்டின வீடு போயிற்று. ஆனால் அம்மாவை எவனோ ஏமாற்றிவிட்டான், அவள் முகத்தைப் போட்டுக்கொண்டு தன்னையும் ஏமாற்றப் பார்த்தான் என்று பையன் பயந்துபோய்விட்டான். இனிமேல் குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்றிருக்கிறான். லைப்ரரியில் ராத்திரி வேலை ஒன்று பிடித்து, அந்தச் சம்பளத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணுகிறான். ஐ.எஸ்.டி.! இருபது நிமிஷம்! என் வாயை நான் ஒரு சாயங்காலம் மூடிக்கொண்டதற்கு எதிர் வீட்டில் கிடைத்தது இது.

கோமளம் என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் பார்த்தால் "தண்ணி லாரி வந்துதா?" என்று கேட்பாள். நானும் வந்தது, வரவில்லை என்பேன். ரசவாங்கி போவதும் இல்லை, அல்வா வருவதும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் போன் அடிக்கும். அவர்கள் வீட்டுப் போன் உள் அறையில்தான் இருந்தது. போன மாதம் ஆளை வைத்து ஒயரை இழுத்துக் கூடத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மணி அடித்ததும் எடுப்பதில்லை. முதலில் வாசல் கதவை விரியத் திறந்து, கீழே கல்லை வைக்கிறாள். பிறகுதான் எடுக்கிறாள். "சொல்லுடா கண்ணா" என்று ஆரம்பிப்பது இரண்டாம் மாடிவரை கேட்கும்.

"என்னத்துக்கு இந்தம்மா கதவைத் திறந்து போட்டுண்டு கத்தறா?" என்று என் வீட்டுக்காரர் வெங்கடரமணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். "நம்ம கதவைச் சாத்தேன்."

நான் சாத்தவில்லை. எழுந்து போய், ஃபேன் சத்தத்தில் பேச்சில் பாதி அடிபட்டுப் போகிறதே என்று, அதை மட்டும் நிறுத்தினேன்.